கோர்ட்டுச் சத்தியம், கருப்புச் சத்தியம்

போன மாதம் எழுத்தர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பழங்காநத்தத்தில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், சுவையான அனுபவமாக இருந்தால் நல்லது என்றார்கள். காபி குடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார்: "ஏன் சார், அந்தக் காலத்துல கோயில்ல போயி சூடம் அணைச்சுட்டு வான்னு கோர்ட்டே உத்தரவு போடுமாமே? பழைய கேஸ் கட்டு ஒண்ணுல பார்த்தோம். இப்பச் சட்டத்துல இருந்தே அதை எடுத்துட்டாக. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கல சார்."

போடும் என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. சுவையான அனுபவம் என்னிடம் அதிகம் கிடையாது. அவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்களோ அதையே எழுதித் தருகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் மதுரையில் ஒரு மாஜிஸ்டிரேட் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கச்சேரி என்று எழுதும்போதே ஒன்று நினைவு வருகிறது. எனக்குப் பெண் பார்த்தபோது தரகர், "மாப்பிள்ளை தினமும் கச்சேரிக்குப் போகிறவர்" என்று பெருமையாகச் சொல்ல, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் வீட்டார், "வாய்ப்பாட்டா, பிடிலா?" என்று கேட்டார்களாம். வடக்கே அந்தச் சொல்லுக்கு அரசாங்க அலுவலகம் என்றுதான் பொருள். இங்கே வந்த பிறகு அதற்குள் பாட்டு எப்படிப் புகுந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி அடித்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பாட்டுத் தெரியாது என்று தெரிந்ததும் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அது கிடக்கட்டும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். இந்த மூன்றை வைத்துக்கொண்டு நகல் எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். முன்பிருந்த மொழிபெயர்ப்பாளர் காசநோயில் இறந்ததும் என்னைத் தூக்கி அங்கே நிறுத்தினார்கள். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான். சாட்சி தமிழில் சொல்வதைப் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மாஜிஸ்டிரேட் இங்கிலீஷில் எழுதிக்கொள்வார். எழுதி முடித்ததை நான் மறுபடியும் தமிழாக்கிச் சாட்சிக்கு வாசித்துக் காட்டுவேன். அவன் "ஆமாஞ்சாமி" என்றால் ரேகை வைத்துவிட்டு இறங்கிப் போகலாம். சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக் கூடாது, ஒரு சொல் விழுங்கக் கூடாது. சாட்சி கெட்ட வார்த்தை பேசினால் அதையும் சொல்ல வேண்டும். துரை முகம் சிவந்தால் அது துரையின் கவலை.

ரிக்கார்டு அறையில் காதர் பாய் இருந்தார். கோரிப்பாளையத்துக்காரர், வீட்டில் உருது பேசுகிறவர். எங்கள் கோர்ட்டுத் தமிழில் பாதி தங்கள் வீட்டிலிருந்து கடன் போனது என்று அவருக்கு ஒரு நினைப்பு. "வாய்தான்னா எங்க பாஷையில குடுத்த வாக்கு, சுந்தரம். சொன்னா சொன்னபடி நடக்கணும். நீங்க என்னடான்னா தள்ளித் தள்ளிப் போடுறதுக்குப் பேரு வாய்தாங்கிறீக. எங்க சொல்லை எடுத்துட்டு வந்து இம்புட்டுப் பாழ் பண்ணிட்டீகளே" என்பார். தகராறு என்றால் அவர்கள் பாஷையில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதாம். "அதுவும் தகராறுதான பாய்" என்றேன். வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். கட்டு ஒன்றின் மேலே இரண்டு துளி விழுந்துவிட்டது. ஒரே உருவத்தில் இரண்டு சொற்கள் இரண்டு ஊர்களில் வேறு வேறு பிழைப்புப் பிழைக்கின்றன என்பது எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள உதவிய விஷயம். அதில் ஆட்கள் சாவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை.

பிறகு ராவ் வந்தார்.

மாஜிஸ்டிரேட். கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கர். என்னைவிட இரண்டொரு வயது பெரியவராக இருக்கலாம். ஒல்லியான உடம்பு, தாழ்ந்த குரல். என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவார். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒவ்வொரு பதிலையும் எழுதுவதற்கு முன் பேனாவைக் காகிதத்துக்கு மேலே பிடித்தபடி காத்திருப்பார். நான் சொல்லி முடித்ததும் உடனே எழுத மாட்டார். சாட்சியின் முகத்தை ஒரு தரம் பார்ப்பார், என் முகத்தை ஒரு தரம் பார்ப்பார், அப்புறம்தான் எழுதுவார். அடித்தல் திருத்தல் இருக்காது. வக்கீல்கள் அவர் கோர்ட்டில் பொறுமையிழந்து தவிப்பார்கள். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். கைதியையும் கூப்பிட மாட்டார். அந்தக் கோர்ட்டில் அது பெரிய அதிசயம்.

வந்த புதிதில் ஒன்று நடந்தது. தலைமை எழுத்தர் அன்றைக்கு விசாரிக்க வேண்டிய மனுக்களைப் பிரித்துச் சீட்டுச் சொருகி வைப்பார். ஒரு ஜாமீன் மனுவில் "அவசரமில்லை" என்று தமிழில் எழுதிச் சொருகியிருந்தார். நாளைக்குப் பார்க்கலாம் என்று அர்த்தம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ராவ் நம் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தார். தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு, முடிந்துபோன கட்டுகளோடு அதை வைத்துவிட்டார். நடுவில் சித்திரைத் திருவிழா விடுமுறை. ஒரு கோழித் திருட்டுக்காரன் அத்தனை நாளும் சப்-ஜெயிலில் கிடந்தான். வெளியே வந்தபோது அவன் தாயாரைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

ராவ் என்னைத் தனியே கூப்பிட்டுச் சீட்டைக் காட்டி விளக்கம் கேட்டார். சொன்னேன். "எனக்குப் புரியாத சொல்லால் யாருக்கும் கெடுதி வராது, சுந்தரம். புரியாவிட்டால் உங்களைக் கேட்பேன். புரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் பயமாக இருக்கிறது" என்றார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம் வந்தது. சாட்சி ஏதாவது சொல்லும்போது அவருக்குத் தெரிந்த மாதிரி ஒரு சொல் காதில் விழுந்தால் கையைத் தூக்குவார். அந்தச் சொல்லுக்கு இந்த ஆள் ஊரில் என்ன பொருள் என்று கேட்பார். அகராதியில் உள்ள பொருளைச் சொன்னால் தலையை ஆட்டுவார். "அகராதி சாட்சிக் கூண்டில் நிற்கவில்லை" என்பார். இதனால் ஒரு நாளைக்கு ஒரு சாட்சி முடிவதே பெரும்பாடு. நான் வீட்டில் அவரைத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அவர் கையில் அகப்பட்ட வழக்கு பிழைத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விருமாயி வழக்கு அந்தக் கோர்ட்டுக்கு ஒரு கோடையில் வந்தது.

கப்பலூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இன்றைக்கு அந்தத் திக்கில் தொழிற்பேட்டையும் லாரியுமாக இருக்கிறது. அன்றைக்கு மானாவாரிக் காடும் உடைமரமும்தான். விருமாயி கூலி வேலை செய்கிறவள். இருபது வயது இருந்தால் அதிகம். தாய் தகப்பன் இல்லை, ஓர் அக்காள் மட்டும். அதே ஊரில் சொந்த வண்டியும் மாடும் வைத்திருந்த முத்துக்கருப்பன் இவளோடு குடித்தனம் நடத்தினான். ஊர் எல்லையில் இருக்கும் காவல் தெய்வம் கருப்பு கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினானாம். பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் அவன் வீட்டார் நிலத்தோடு ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அப்புறம் அவன், கயிறும் கட்டவில்லை, குழந்தையும் என்னுடையதில்லை என்றான். குழந்தைக்கு அவன் சோறு போட வேண்டும் என்று இவள் மனுக் கொடுத்திருந்தாள்.

மனுவில் சோறு என்று இருந்ததே தவிர, அவளுக்கு வேண்டியது வேறு என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. ராவ், "என்ன கேட்கிறீர்கள்?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"தகப்பன் பேர் இல்லாத பிள்ளைன்னு எம்மகளச் சொல்லக் கூடாது சாமி. அம்புட்டுத்தான். கஞ்சிக்கு நான் களை வெட்டிக்கிருவேன்."

குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு, மேலே ஆடுகிற பங்காவையே பார்த்துக்கொண்டிருந்தது. கோர்ட்டில் அழாத குழந்தையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் பக்கம் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. கயிறு கட்டியதைப் பார்த்த பூசாரிக்கு முத்துக்கருப்பன் வீட்டார்தான் படியளக்கிறவர்கள். அடுத்து முத்துக்கருப்பன் கூண்டில் ஏறினான். தன் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒப்பித்தபடி பதில் சொன்னான். கடைசியில் வக்கீல் ஜாடை காட்ட, சத்தமாகச் சொன்னான்:

"கருப்பு முன்னால அந்தப் பிள்ளைய மடியில போட்டு அவ சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும் சாமி. பண்ணிட்டா எம்பிள்ளைதான். நான் வேற பேச்சுப் பேசல."

இதற்குச் சட்டத்தில் அப்போது இடம் இருந்தது. எதிராளி இன்ன கோயிலில் இன்ன மாதிரி சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு கட்சி சொல்லலாம். எதிராளி செய்துவிட்டால் சொன்னவனுக்கு அதுவே முடிந்த முடிவு. மறுத்தால் மறுத்ததையும் காரணத்தையும் கோர்ட்டு குறித்துக்கொள்ளும். வக்கீல் நல்ல கெட்டிக்காரர். அந்தப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு பயம் உண்டு: பிள்ளையை வைத்துச் சத்தியம் செய்தால், மெய்யாக இருந்தாலும் அது பிள்ளையைச் சுற்றும். அதனால் யோக்கியமானவள் எவளும் அதற்கு ஒப்பமாட்டாள். ஒப்பாவிட்டால் அவள் பொய்க்காரி. இப்படி ஒரு கண்ணியை வைத்துவிட்டு அவர் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தி! பிள்ளைய வச்சா?" என்றாள் விருமாயி. கை தானாகக் குழந்தையின் தலையை மூடிக்கொண்டது. "அது எப்படிச் சாமி பண்றது?"

ராவ் கையைத் தூக்கினார். "சத்யம் என்ற சொல் கேட்டது. பண்ணுவது என்கிறாரே. எங்களிடம் சத்யம் என்றால் உண்மை. அது இருக்கும் அல்லது இருக்காது. அதை எப்படிப் பண்ணுவது?"

இவர்கள் ஊரில் சத்தியம் என்றால் ஆணையிடுவது என்று சொன்னேன். உண்மை என்ற பொருளும் உண்டு, ஆனால் அந்தப் பொருள் தனியாக நடமாடுவதில்லை என்றும் சொன்னேன். எங்கள் வீட்டுத் தெலுங்கில் ஆணைக்கு ஒட்டு என்போம், பிரமாணம் என்றும் சொல்வோம். பிரமாணம் என்றால் சமஸ்கிருதப் பண்டிதர்களுக்கு அத்தாட்சி, அளவு. ராவ் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "ஆக, எது உண்மையோ அதற்கும், கையைச் சுட்டுக்கொள்வதற்கும் இவர்களுக்கு ஒரே பெயர்" என்றார். சட்டப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்.

அதில் அவர் தேடிய வரி இருந்தது. இப்படிப்பட்ட ஆணை மூன்றாவது ஆள் ஒருவரைப் பாதிப்பதாக இருக்கக் கூடாது. குழந்தை மூன்றாவது ஆள். வக்கீலைப் பார்த்துச் சொன்னார்: "மனுதாரர் தன் கையால் மட்டும் சூடம் அணைத்துச் சொல்லலாம். குழந்தை மடியில் இருக்கக் கூடாது, தொடக் கூடாது, பக்கத்திலும் இருக்கக் கூடாது. இதற்கு உங்கள் கட்சிக்காரர் கட்டுப்படுவாரா?"

வக்கீலுக்கு முகம் சப்பென்று ஆகிவிட்டது. இருந்தாலும் இத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியவில்லை. கட்சிக்காரன் காதில் ஏதோ சொன்னார். அவன் அரைமனதாகத் தலையாட்டினான். விருமாயியிடம் நான் விவரம் சொன்னதும், "எங்கையின்னா எம்புட்டு வேணாலும் சுட்டுக்கிறேன்" என்றாள்.

கோர்ட்டு கலைந்த பிறகு ராவிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளன் அபிப்பிராயம் சொல்லக் கூடாது, ஆனாலும் சொன்னேன். "குழந்தை இல்லாமல் செய்வதை அந்த ஊர் சத்தியம் என்றே ஏற்றுக்கொள்ளாது, சார்."

"நீங்கள் சொல்வது சரியாக இருக்கும். ஏற்றுக்கொள்ளட்டும், கொள்ளாமல் போகட்டும். ஒரு குழந்தையின் தலையைப் பணயம் வைக்கிற காகிதத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். அவர் செய்தது சரிதான். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போனதுதான் என் ஆத்திரம்.

சத்தியம் வாங்கிவர என்னையே கமிஷனராகப் போட்டார். சொல்ல வேண்டிய வாசகத்தை அவர் இங்கிலீஷில் எழுத, நான் தமிழில் எழுதினேன். கோர்ட்டுத் தமிழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. கோயில் என்றால் ஒரு மேடை, நட்டுவைத்த அரிவாள்கள், மேலே ஓர் ஆலமரம். முதலில் உத்தரவை உரக்க வாசித்தேன். குழந்தையை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, விருமாயியின் அக்காளைக் குழந்தையோடு ஊர்க்கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னேன். அவள் போய் நின்ற பிறகுதான் மற்ற வேலை. விருமாயி கிணற்றில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வந்தாள். பூசாரி கல் ஒன்றைக் கழுவி, அதன்மேல் சூடத்தை வைத்து ஏற்றினான். முத்துக்கருப்பன் எதிரே நின்றான். இருவரையும் பேர் கேட்டு அடையாளம் குறித்துக்கொண்டேன். துண்டு துண்டாக நான் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மேற்படி எதிர்மனுதாரருக்கும் மனுதாரராகிய எனக்கும்" என்று ஆரம்பித்தேன்.

"மேப்படி..." என்று நின்றுவிட்டாள். "யாரு சாமி அது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முத்துக்கருப்பன்தான் என்று விரலைக் காட்டினேன். எப்படியோ தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். முடித்ததும் வலது உள்ளங்கையை எரிகிற சூடத்தின் மேல் வைத்து அழுத்தினாள். வெடுக்கென்று எடுக்கவில்லை. நான் "போதும்" என்று சொன்ன பிறகுதான் எடுத்தாள். இரண்டு சாட்சிகளிடம் ரேகை வாங்கினேன். காகிதத்தை மடித்தேன். சட்டப்படி குழந்தை அந்த நிமிஷத்திலிருந்து முத்துக்கருப்பனுடையது.

யாரும் கலையவில்லை.

முத்துக்கருப்பனின் சித்தப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். "கமிசன் ஐயா, உங்க வேலை முடிஞ்சது, நீங்க போங்க. இது கோர்ட்டுச் சத்தியம். பிள்ளையத் தள்ளி வச்சுட்டு வெறுங்கையச் சுட்டுக்கிட்டா கருப்புக்கு என்ன தெரியும்? நாளைக்கு இந்தத் தெருவுல அந்தப் பிள்ளைக்கு யாரும் தண்ணி ஊத்த மாட்டோம்."

"கோர்ட்டுக்கு வேணாப் போதும் சாமி. எனக்குப் போதல" என்றான் முத்துக்கருப்பன், என்னைப் பார்த்து.

விருமாயி ஒரு கணம் நின்றாள். பிறகு குழந்தை இருந்த கிணற்றுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். எனக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "வேண்டாந்தாயி. கோர்ட்டுல நீ ஜெயிச்சாச்சு. இனிமே எவனும் உன்னை ஒண்ணும் செய்ய முடியாது. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ."

"கோர்ட்டுலயா நான் குடியிருக்கப் போறேன்? இங்கிட்டுத்தான சாமி இருக்கணும்? எம்மக வளந்து இவுக மொகத்துலதான முழிக்கணும்?" என்றாள். "மெய்யத்தான சொல்லப் போறேன். எனக்கு என்ன பயம்?" பயமில்லாத குரல் இல்லை அது.

குழந்தையை வாங்கிவந்து மேடைக்கு முன் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். பூசாரி மறுபடியும் சூடம் ஏற்றினான். இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இடது கையைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். "கருப்பா, இது அவரு பிள்ளை. நான் பொய் சொன்னா இவள நீ எடுத்துக்க" என்றாள். ஏற்கனவே வெந்திருந்த கையாலேயே அணைத்தாள்.

முத்துக்கருப்பன் தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்தான். மண்டியிட்டுக் குழந்தையை இரண்டு கையாலும் வாங்கி அதன்மேல் கிடத்தினான். சித்தப்பன்கூட வாயை மூடிக்கொண்டான். மூன்று அமாவாசை பிள்ளைக்கு ஒன்றும் நேராமல் கழிய வேண்டும், அதுதான் கெடு என்று பூசாரி சொன்னான். கழிந்தால் குழந்தைக்கு அவர்கள் வீட்டிலேயே பெயர் வைத்துக் காது குத்துவதாகப் பேச்சாயிற்று. விருமாயி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மதுரைக்குத் திரும்பும்போது வண்டியில் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இரண்டு சத்தியத்தையும் அறிக்கையில் எழுதினேன். ராவ் இரண்டாவதைப் படித்துவிட்டு, "இது எதற்கு?" என்றார்.

"ஊருக்கு, சார்."

அவர் அறிக்கையை வழக்குக் கட்டில் சேர்த்தார். நடுவில் அவருக்கு வெளியூர் முகாம் இருந்ததால் உத்தரவுக்கு வாய்தா போட்டார்.

அந்தக் கோடையில் தண்ணீர் வற்றி, அந்தப் பக்கமெல்லாம் பேதி பரவியது. கச்சேரிக்குத் தினமும் சாவுக் கணக்கு வரும். விருமாயி இருந்த தெருவில் மட்டும் குழந்தைகள் பல போயின. முத்துக்கருப்பனின் சித்தப்பன் பேரனும் போனான். அவர்களெல்லாம் எந்தச் சத்தியத்திலும் படுத்திருந்த பிள்ளைகள் இல்லை. அவர்களைப் பேதி கொண்டுபோயிற்று என்று ஊர் சொன்னது. விருமாயியின் குழந்தை இரண்டாவது அமாவாசைக்கு முன்னால் இறந்தது. அதைக் கருப்பு எடுத்தது என்று சொன்னது அதே ஊர்தான்.

வாய்தா அன்றைக்கு அவள் வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. உள்ளங்கைப் புண் காய்ந்து கறுத்திருந்தது. முத்துக்கருப்பனும் வந்திருந்தான். அவன் வக்கீல் ஒரு மனுப் போட்டிருந்தார்: சத்தியம் பொய் என்று நிரூபணமாகிவிட்டது, ஆகவே தள்ளுபடி செய்ய வேண்டும். அதை வாசிக்கும்போது அவர் குரலே அடங்கித்தான் இருந்தது. முன்பிருந்த கெட்டிக்காரத்தனத்தைக் காணோம்.

முத்துக்கருப்பனை ராவ் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். "கருப்பே சொல்லிருச்சு சாமி. நான் என்னத்தச் சொல்ல?" என்றான். கண் சிவந்திருந்தது. அவன் நடிக்கவில்லை. அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவன்தான். அடக்கத்துக்கு மட்டும் போகவில்லை. தகப்பன் போட வேண்டிய பிடி மண்ணை அவன் போடாமல், விருமாயியும் அக்காளும் ஓடைக்கரையில் தாங்களே குழி வெட்டிப் புதைத்தார்கள். இதை விருமாயி சொல்ல நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது ராவ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மனுதாரருக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேளுங்கள்."

"நான் சொன்னது சத்தியம் சாமி. பண்ணினதும் சத்தியம்" என்றாள். "ஊருல என்னைத் தண்ணி மோள விடமாட்டேங்கிறாக. கெட்டுப் பெத்து, பொய் சொல்லிப் பிள்ளையக் கொன்னவளாம். துரைதான் ஊருக்கு ஆளனுப்பி, இவ சொன்னது மெய்யின்னு தமுக்கடிக்கச் சொல்லணும்."

அவள் ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னாள். இங்கிலீஷில் இரண்டு சொல் போட்டால்தான் நிற்கும். ஒன்று உண்மை, ஒன்று ஆணை. அப்படியே பிரித்துச் சொன்னேன். ராவின் தெலுங்கிலும் அவை இரண்டுதான். எங்களுக்கு ஒன்று போனால் ஒன்று மிஞ்சும். அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே கட்டிக் கிடந்தன, ஒன்றாகவே போய்விட்டன. இதை நான் கோர்ட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே எனக்கு இடமும் கிடையாது.

ராவ் எழுத ஆரம்பித்தார். கோர்ட்டு முழுக்கக் காத்திருந்தது. எழுதி முடித்து என்னிடம் கொடுத்து, அவளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். எதிர்தரப்பு மனு தள்ளுபடி. கோர்ட்டின் உத்தரவுப்படி செய்த ஆணை முடிந்த முடிவு; அதன்படி இறந்துபோன குழந்தை எதிர்மனுதாரருக்குப் பிறந்ததே. குழந்தை உயிரோடு இல்லாததால் ஜீவனாம்சத்துக்கு உத்தரவு தேவையில்லை. மேற்படி, கீழ்ப்படி எதுவும் இல்லாமல் அவளுக்குப் புரிகிற தமிழில் சொன்னேன்.

"இதை ஊருல வந்து வாசிப்பீகளா?"

கேட்டேன். அதற்குச் சட்டத்தில் வழியில்லை என்றார் ராவ். சொன்ன பிறகும் என்னை விடவில்லை. "சுந்தரம், இதையும் சொல்லுங்கள். இந்தக் கோர்ட்டு உங்களை நம்புகிறது என்று சொல்லுங்கள்."

"கோர்ட்டு உன்னை நம்புதுன்னு துரை சொல்றாக தாயி" என்றேன்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கறுத்துப்போன உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க நம்புனீக சாமி. கருப்பு நம்பலையே."

ராவ் என் பக்கம் திரும்பினார். பேனாவை எடுத்துக் காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சாட்சி சொன்னதை அப்படியே சொல்வதுதான் என் வேலை. சொன்னேன். அவர் அதை எழுதவில்லை. டவாலிச் சேவகன் அடுத்த வழக்கைக் கூப்பிட்டான். விருமாயி போகவில்லை, வேறு ஆட்கள் வந்து கூண்டில் ஏறிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்பும்படி ராவும் சொல்லவில்லை.